ஊது

முதல் நாள் பலகையில் ஐந்து கோடு இழுத்தேன்.
"டீச்சர், நாலு கோடுதானே வரும்,
ஒண்ணு ஜாஸ்தியா போட்டுட்டீங்க"
என்றாள் யோகலட்சுமி,
இங்கிலீஷ் நோட்டைத் திறந்து சாட்சி காட்டி.
பார்த்தேன்.
ஒன்றல்ல, ஐந்துமே ஜாஸ்தி.
அழித்துவிட்டேன்.

பொதட்டூர்பேட்டை, ஆறாம் வகுப்பு ஆ பிரிவு.
பிள்ளைகள் இருபத்தாறு, மெலோடிகா ஒன்பது,
வாரத்துக்கு மூன்று அரைநாள் நான்.

வீட்டில் என் மகளுக்கு ஒன்றரை வயது.
நிலா ப்பூ, நாய் ப்பூ,
தலைக்கு மேல் சுற்றும் ஃபேனும் ப்பூ.
அவளிடம் போய் 'ப்' வல்லினம் என்று யார் சொன்னோம்?
ப்பூ என்றால் நாங்களும் பூ என்கிறோம்,
கொஞ்சம் திருத்தமாக, கொஞ்சம் ஆசையாக.
ஒருநாள் காலை பால் டம்ளரைத் தள்ளிவிட்டு
மேலே கைகாட்டி
"ஃபேன் இல்ல" என்றாள்.
கரண்ட் போயிருந்தது.

அதனால் ஒரு மாதம் பெட்டியைத் திறக்கவில்லை.
பாடினோம். பெஞ்சைத் தட்டினோம்.
வேப்பமரம் வரை நான்கடி நான்கடியாக நடந்தோம்,
திரும்பும்போது மோதிக்கொண்டு சிரித்தோம்.
தலைமையாசிரியர் சன்னல் வழியே எட்டிப் பார்த்து
"இது மியூசிக் பீரியடா, பீ.டி. பீரியடா?" என்றார்.
"ரெண்டும்தான் சார்."
குறித்துக்கொண்டு போனார்.

பெட்டி திறந்த அன்று
நகரியிலிருந்து புதிதாய் வந்த தனகோட்டிக்கு
என் தமிழ் பாதிதான் போய்ச் சேர்ந்தது.
மூச்சு, உதடு, மெதுவாக என்று
கைகளால் என்னென்னவோ செய்து பார்த்துவிட்டு
"ஊது" என்றேன்.
ஊதினான்.
அவன் தெலுங்கிலும் அது ஊதுதான்.
செக்போஸ்ட்டில் மறிக்காமல் விட்டிருக்கிறார்கள்
அந்த ஒரு சொல்லை.

ஒன்பது குழாயை இருபத்தாறு வாய்க்கு
சத்துணவுக் கூடத்து வெந்நீரில்
அலசி அலசித் தந்தார் செங்கம்மா அக்கா.
"சாம்பார் வாசம் வருது டீச்சர்."
வரட்டும், ஊதுங்கள்.
முதல் வாரம் ஒரே கட்டை.
நீளமாக, குட்டையாக, கோபமாக,
டவுன் பஸ் ரிவர்ஸ் எடுப்பதுபோல.
அவர்கள் ஊதியதை நான் திருப்பி ஊதினேன்,
கொஞ்சம் திருத்தமாக.

தாளம் மட்டும் பிசகவே இல்லை.
இருபத்தாறு பேருக்கும் ஒரே நடை, நூல் பிடித்த மாதிரி.
என் முறைதான் காரணம் என்று
மாவட்டப் பயிற்சிக் கூட்டத்தில் எழுந்து பேசினேன்.
கைதட்டினார்கள். டீயும் சமோசாவும் தந்தார்கள்.

பிறகு வந்தது மாதாந்திரப் பராமரிப்புச் செவ்வாய்.
ஒன்பது மணிக்கு
ஊரில் இருந்த அத்தனை விசைத்தறியும் நின்றது.
ஒன்று ஓடியது, ஒன்று நொண்டியது,
ஒரு கும்பல் முதல் வரியிலேயே நின்றுவிட்டது.
அப்போதுதான் உறைத்தது.
சுவருக்கு அந்தப் பக்கம் லுங்கி நெய்துகொண்டு
இத்தனை நாளும் அடி எடுத்துக் கொடுத்தது
தறிகள்.
பிறந்ததிலிருந்து அந்த டக்கடக்கில் தூங்கிய பிள்ளைகள்.
சம்பளம் மட்டும் எனக்கு.

நிறுத்தச் சொல்லிக் கை தூக்கினேன்.
யோகலட்சுமி எப்போதோ நிறுத்தியிருந்தாள்.
மெலோடிகாவைக் காதோரம் வைத்துக் குலுக்கினாள்,
மறுபடி ஊதினாள்,
மெல்ல, அதே ஒற்றைக் கட்டை.

"டீச்சர், இந்தச் சத்தம்
இவ்வளோ நாளா நான்தான் போட்டேனா?"

யாரும் சிரிக்கவில்லை.
பின்வரிசையில் தனகோட்டி
பெஞ்சுக்கு அடியில் குதிகாலால் ஒன்று தட்டினான்.
பொறுத்து இன்னொன்று.
தறியைவிடக் கொஞ்சம் நிதானமாக.

மாலையில் பாடக்குறிப்பேட்டில்
'இன்று கற்பித்தது' என்ற கட்டத்தின் முன்
வெகுநேரம் பேனாவைப் பிடித்திருந்தேன்.
மின்தடை என்று எழுதிக்
கையெழுத்துப் போட்டேன்.